ஆண்பிள்ளைக்கு வந்த பாகம்

நல்ல மண் ஆண்பிள்ளைக்குத்தான் சேரவேண்டும் என்பது போட்ரும் என்னும் ஊரின் கடற்கரையில் காலங்காலமான தர்மம். அந்தத் தர்மத்தின் வாரிசான நெஜ்மி, விலைபோகாத கமலா ஆரஞ்சுக் கூடைகளோடு கடலோர ஹோட்டலின் பின்வாசலில் காலையிலிருந்து கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"மூணு தலைமுறைத் தோட்டம் தம்பி. எங்கப்பா எனக்குன்னு குடுத்தது," என்றார் சமையல்காரனிடம்.

"இருக்கட்டும் பெரியவரே. முதலாளியம்மா சொன்னாத்தான் பழம் உள்ள போகும்."

முதலாளியம்மா வந்து ஒரு சுளையை வாயில் போட்டாள்.

"புளிக்குது. பரவால்ல, எடுத்துக்கறேன். மொதல்ல உள்ள வந்து சாப்பிடுண்ணே."

சமையல்காரன் விழித்தான். "கூடப்பொறந்த அண்ணனா? சொல்லவே இல்லியே பெரியவரே."

"எப்படிச் சொல்வாரு? அப்பா பாகம் பிரிச்சப்போ அவருக்குத் தோட்டம், எனக்கு இந்த மணல்."

நெஜ்மி கூடையைத் தூக்கினார். புல்கூட முளைக்காத கடலோரத்தைப் பெண்ணுக்குத் தள்ளிவிடலாம் என்று அன்று அப்பாவிடம் சொன்னவர் அவர்தான்.