ஈரக்காலும் வார்னிஷும்

செம்பில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குத்தான் தொண்டை வறண்டு போயிருந்தது.

கிண்ணியாவில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கல்யாணம் என்றால், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வாசலில் வைத்துப் பெண்ணின் தம்பி அவருடைய காலைக் கழுவிவிடுவான். அந்த ஈரம் காய்வதற்கு முன்னே அவர் உள்ளே ஏறவேண்டும்.

ஆதம்பாவா ஹாஜியார் வீட்டில் ஏறவேண்டியது மரப்படி. மாரியில் வெள்ளம் முற்றத்துக்கு வந்துவிடும் என்று வீட்டைத் தூண்மேல் உயர்த்தி, முன்னால் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்திருக்க ஒரு பலகைத் தளமும் போட்டிருந்தார். அதற்கு ஏறும் படியைக் கட்டிய தச்சன், எங்கள் ஊர்ப் பேச்சில் ஓடாவி, நான்.

இந்தப் படியில் மாப்பிள்ளை வழுக்கினால் கதை முடிந்தது. அந்த மனுசன் பேரன் பேத்தி கண்டாலும் ஊருக்கு அவர் 'வழுக்கின மாப்பிள்ளை'தான். எங்கள் ஊர் வாயை எனக்குத் தெரியாதா?

வேலையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லாப் படியும் ஒரே உயரம். ஒன்று விரலளவு கூடினாலும் கால் ஏமாந்துவிடும். கைபிடியில் நானே தொங்கிப் பார்த்தேன். தண்ணீர் வடிய, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டேன். பலகை பற்றாமல் போய்விட்டதா என்று ஹாஜியாரின் மனைவி நஜ்முன் நிஸா கேட்டார். நல்ல கேள்வி.

பெரிய சண்டை வார்னிஷில்தான் வந்தது. முகம் பார்க்கிற அளவுக்குப் படி மினுங்கவேண்டும் என்று ஹாஜியார் ஒற்றைக்காலில் நின்றார்.

"கால் கழுவித்தானே மாப்பிள்ளைய ஏத்துவீங்க, ஹாஜியார்? ஈரக்கால் வார்னிஷில நிக்காது" என்றேன்.

"மாப்பிள்ளையில உமக்கென்ன ஓடாவி இவ்வளவு அக்கறை?"

நான் குனிந்து, இழைத்த பலகையையே மறுபடி இழைத்தேன்.

தீர்ப்பைச் சொன்னது அவருடைய மகள் றுஷ்தா. துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு படியில் இறங்கினாள், ஏறினாள். வார்னிஷ் வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வார்னிஷ் டின் கடைக்கே திரும்பிப் போனது.

இன்றைக்குப் பந்தலில் ஊரே நிற்கிறது. மேலே தளத்தில் பெண்கள் இடித்துப் பிடித்து எட்டிப் பார்க்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவதி படியெல்லாம் பன்னீர் வேறு தெளித்துவிட்டாள். யார் கேட்டது பன்னீரை?

றுஷ்தாவின் தம்பி அஷ்பாக், துறைமுகத்தில் வேலை செய்கிறவன், செம்போடு வந்து குனிந்தான். குனிந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"காலக் காட்டுங்க மச்சான். பயப்படாம ஏறுங்க, நல்ல ஓடாவி கட்டின படி."

வார்னிஷ் வேண்டாம் என்று சொன்னவள், மாப்பிள்ளையாக யார் வேண்டும் என்பதையும் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். படிவேலை முடிந்த கையோடு ஹாஜியார் எங்கள் வீட்டுக்குப் பேச்சுக்கு ஆள் அனுப்பியது அதனால்தான்.

கால் கழுவியதற்கு வழக்கப்படி அஷ்பாக்கின் விரலில் ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டு, ஈரக்காலைத் தூக்கிப் படியில் வைத்தேன்.

கால் நின்றது. சந்தோஷம்தான் நிற்கவில்லை, மேலே போய்ச் சேரும்வரை பல்லைக் காட்டிக்கொண்டே ஏறினேன்.