பாறைச் சுவரில் ஒரு பெயர்

"வயித்தை எக்குடா மெரில்! தாத்தா நுழைஞ்சு போன வழியில பேரனுக்குப் போக முடியலையா?"

முன்னால் போன டெல்டன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மெரில் பக்கவாட்டில் நகர்ந்தார். மார்பை ஒரு செம்பாறையும் முதுகை இன்னொன்றும் உரசின. தலைக்கு மேலே, என்றோ வந்த வெள்ளம் செருகிவிட்டுப் போன மரம் குறுக்கே கிடந்தது. அதற்கும் மேலே கோடு போல வானம்.

"மேகம் ஏதாவது தெரியுதா?" என்றார் மெரில்.

"பொட்டுக்கூட இல்லை. காலையிலேர்ந்து இதையே கேக்கறே. மழை வரணும்னு வேண்டிக்கிறியா?" பின்னால் வந்த லாரூ அலுத்துக்கொண்டார்.

மூவரும் யூட்டா பாலைவனத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒவ்வொரு ஜூலையிலும் ஊர் விருந்தில் மெரில் எழுந்து நின்று அதே கதையைச் சொல்வார். இந்த மலைப்பிளவை முதலில் கடந்தவர் அவருடைய தாத்தா ஓரின் ஜட். கடைசி வளைவில் தன் பெயரை உளியால் எழுதிவிட்டு வந்தாராம். டெல்டன் மட்டும் அதை ஒருநாளும் நம்பியதில்லை. இந்த வருடம் சவாலே விட்டுவிட்டார். "பேரைக் காட்டு. இல்லேன்னா விருந்துல நானே எழுந்து, எல்லாம் புளுகுன்னு சொல்லிடுவேன்."

இடுப்பளவு சேற்றுக் குட்டை வந்தது. தண்ணீர் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது.

"போதும், திரும்பிடலாமா? லாரூ நடுங்கறா பாரு," என்றார் மெரில்.

"நானா? நான் நல்லாத்தான் இருக்கேன். ஜட் குடும்பத்துல யாரும் பாதியில திரும்பினதில்லைன்னு நீதானே சொல்லுவே?"

டெல்டன் வழுக்கி விழுந்து எழுந்தார். "போச்சு! போன் செத்துடுச்சு. உங்க போனெல்லாம்?"

"கார்ல," என்றார்கள் இருவரும்.

கடைசி வளைவு. அதற்கு முன் ஒரு இடுக்கு. ஒல்லியான டெல்டன் தோளை நுழைத்தபோது மெரில் மெல்லக் கூப்பிட்டார்.

"டெல்டன்... இந்தத் தடவை விருந்துக்கு என் பேரப்பசங்க வர்றாங்கடா."

டெல்டன் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஓணான் போல நழுவி மறைந்தார். மெரிலின் வயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. அவரைத் தாண்டிப் போக லாரூவுக்கும் வழியில்லை.

"இருக்கா?" லாரூ கத்தினார்.

மணல் சரியும் ஓசை மட்டும் கேட்டது.

"மெரில்!" குரல் பாறைகளில் மோதி வந்தது. "இருக்குடா! ஓரின் ஜட்னு முழுப் பேரும் இருக்கு. எழுத்து முத்து முத்தா இருக்கு!"

லாரூ மெரிலின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். "கேட்டியா? அவன் வாயாலேயே சொல்லிட்டான்!"

திரும்பி வந்த டெல்டன் சட்டை மணலைத் தட்டுவதிலேயே மும்முரமாக இருந்தார். "ஜூலையில நானும் எழுந்து சொல்றேன். கண்ணால பாத்தேன்னு."

மெரில் பையில் மிச்சமிருந்த ஒரே உப்புக்கண்டத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நீ சொல்ல வேண்டாம்டா. இந்தத் தடவை நான் வேற கதை சொல்லப்போறேன். உன்னைப் பத்தி."

"என்னைப் பத்தியா? அதுல என்னடா இருக்கு?"

"இருக்கு."

வெளியே வெயிலில் கண் கூசியது. நண்பனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி மெரில் நடந்தார்.

ஓரின் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் சாகும்வரை ஒரு பெருக்கல் குறிதான் போட்டார்.