நாமா, நாங்களா?

மனிதர் அனைவரும் சமம் என்பதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த குடியரசு அது. அதைச் சொல்லத்தான் கவர்னர் துரை கடல் தாண்டி வந்து, செயலாளரும் தளபதியும் சூழப் பந்தல் நிழலில் நின்றார். வெயிலில் நின்ற ஊர்ச்சனங்களுக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் சவரிராயர். போன மாதம்தான் வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறி, துரைமார் பெயரொன்றைத் தன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அந்தக் குடியரசின் முழுக் குடிமகனாகியிருந்தார்.

துரையின் முதல் சொல்லிலேயே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. துரையின் பாஷையில் ‘நாம்’ என்றாலும் ‘நாங்கள்’ என்றாலும் ஒரே சொல்தான்.

“துரை மன்னிக்கணும்,” என்று குனிந்து கேட்டார். “இதில் எதிரே நிற்கிறவர்களும் சேர்த்தியா?”

துரை கூட்டத்தைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இலக்கணமெல்லாம் உன் பொறுப்பு.”

சவரிராயர் ஒரு கணம் யோசித்தார். பிறகு துரைமார் பக்கம் ஓரடி நகர்ந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழங்கினார்: “நாங்கள் குடியரசின் பிள்ளைகள்!”

“அப்ப நாங்க யாரு வூட்டுப் புள்ளைங்களாம்?” என்றாள் மீன்காரி அஞ்சலாட்சி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சவரிராயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச்சு முடிந்து கைதட்டல் எழுந்தது. கவர்னர் உட்கார்ந்தார், செயலாளர் உட்கார்ந்தார், தளபதியும் உட்கார்ந்தார். சவரிராயரும் கோட்டின் பின்புறத்தை ஒதுக்கிக்கொண்டு உட்காரத் திரும்பினார்.

அவருக்கு நாற்காலி போட்டிருக்கவில்லை.