நுண்ணோக்கியாரின் காவல்

சிறுநீரகப் புற்றுச் செல்களில் சில மட்டும் ஏன் ஊர்விட்டு ஊர் பரவுகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலை நுண்ணோக்கியாருக்கு. அவர் கண்ணுக்குக் கீழே ஒரு கண்ணாடித் தட்டு. அதில் இரண்டு புற்றுச் செல்கள், ஒருவன் தடியன், ஒருவன் ஒல்லியன். தட்டின் எதிர்ப்பக்கம் நுரையீரலின் ஒரு சின்னத் துண்டு.

"நாளைக்கே அந்த நுரையீரலை வளைச்சுப் போடுறேனா இல்லையா பாரு!" என்று தடியன் தொண்டை கிழியக் கத்தினான்.

"எங்கே, நகர்ந்துதான் பாரேன்" என்று நுண்ணோக்கியார் அவனையே முறைத்தார்.

ஒல்லியன் பணிவாக, "அண்ணே, அவன் பொல்லாதவன். கண்ணை எடுத்துடாதீங்க" என்றான்.

'இவனாவது ஒழுங்காக இருக்கிறானே' என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

தடியன் கத்திக் கத்தி இருந்த இடத்திலேயே பெருத்தான். நகரவே இல்லை. அலுத்துப்போய் நுண்ணோக்கியார் நுரையீரல் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க" என்றான் அங்கிருந்து ஒல்லியன். "பிள்ளைங்க தூங்குறாங்க."