ஒன்றுக்கு மூன்று பெயர்

தீவு ஊரான மாயாபந்தரில் படகு மோட்டாருக்கு சர்க்யூட் போர்டு செய்யும் அப்துல் வஹாப், போர்டு வரையும் மென்பொருளின் உதவி எண்ணுக்கு போன் செய்தார். தஸ்லிமா எடுத்தாள்.

“அரே மேடம், சிப் உக்கார்ற இடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ல ஃபுட்பிரிண்ட்டுன்னு போட்டிருக்கீங்க. அடுத்ததுல பேட்டர்னு. மூணாவதுல லேண்டு. வேற வேறன்னு நெனச்சு ஒண்ணை மட்டும் மாத்தினேன். மெயின்லேண்ட்லேருந்து கப்பல்ல வந்த போர்டு பூரா பேகார், ஒண்ணுக்கும் உதவாது.”

“மன்னிக்கணும் பாய். டீம்ல சொல்றேன்.”

“பெரிய டீம் போல. ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டாங்களா?”

“தனித்தனி டிபார்ட்மென்ட் பாய். கோஆர்டினேஷன் கொஞ்சம் கம்மி.”

போனை வைத்தாள். நிறுவனத்தின் மொத்த ஊழியர்களும் ஜங்லிகாட் வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தார்கள். எதிரே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த கணவன் ஜாஹிரைப் பார்க்காமல் மகளிடம் சொன்னாள்.

“நிதா, ஃபுட்பிரிண்ட்டை எடுத்துட்டு பேட்டர்ன்னு போடச் சொல்லு உங்க வாப்பாவை.”

“உங்க உம்மா முதல்ல பேட்டர்னை எடுக்கட்டும்னு சொல்லு,” என்றான் ஜாஹிர், தலை நிமிராமல்.

மூன்றாவது லேப்டாப்பிலிருந்து நிதா சொன்னாள்.

“நான் யார் பக்கமும் சேர மாட்டேன். அதுக்குத்தான் என் ஸ்கிரீன்ல லேண்டுன்னு வச்சேன்.”