தூங்கிக் காட்டியவர்

அன்று தூறல் இருந்ததா என்று சரியாக நினைவில்லை. வைப்பர் ஓடியதாக ஒரு ஞாபகம். சித்திரை வெயில் என்றும் ஒரு ஞாபகம்.

இரண்டில் ஒன்று பொய்.

குறட்டை மட்டும் நிச்சயம்.

அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். சீட்டுக்குப் பின்னாலிருந்த படுக்கையில் அவள் கணவன். இடது பக்கம் எங்கள் முதலாளி. நடுவில், என்ஜினை மூடிய பானட்டின் மேல், புக்கிங் ஆபீஸ் பார்க்கும் நான்.

சங்ககிரி பைபாஸ். நட்ட நடு மதியம். காலி லாரி.

வேலை கேட்டு வரும் எந்த டிரைவரையும் முதலாளி ஒரு நடை ஓட்டிக்காட்டச் சொல்வார். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு டிரைவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. அதனால் பரீட்சையை மாற்றினார்.

ஒருவர் ஓட்ட வேண்டும். மற்றவர் தூங்க வேண்டும்.

"டெல்லி லைன் வண்டி நிக்காம ஓடோணும். ஒருத்தர் தூங்காட்டி ரெண்டு பேரு எதுக்கு?"

நியாயம்தான்.

சொந்த லாரியைப் பல வருடம் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். லாரி கைவிட்டுப் போன பிறகு கம்பெனி தேடினார்கள். ஒரே கேள்விதான் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் வேலை உண்டா, ஒரே வண்டியில்?

முதல் கம்பெனி, சம்சாரம் கூட வரட்டும், சோறாக்கட்டும் என்றது.

இரண்டாவது கம்பெனி இருவரையும் டிரைவராகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அவனுக்குக் குஜராத். அவளுக்குக் கொச்சி.

டோல்கேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒருவர் ஆறுதலும் சொன்னாராம்.

நாங்கள் மூன்றாவது. எங்களை விட்டால் டோல்கேட்தான்.

முதலில் அவன், அர்த்தனாரி, ஓட்டினான். படுக்கையில் ஏறிய வளர்மதி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது வேகத்தடையில் அவள் தலை ஆடியது. அவள் எழவில்லை. பிறகு உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

இப்போது அவன் முறை.

குறட்டை சீராக வந்தது. அவள் கியர் மாற்றினால் அதுவும் மாற்றியது.

முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

ஓரங்கட்டி நிறுத்தினாள்.

என்ஜின் அணைந்தது. குறட்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க."

குறட்டை.

"நீங்க கொறட்டையே உட மாட்டீங்களேங்க."

அது நின்றது.

பக்கத்தில் ஒரு பஸ் போனது. லாரி லேசாக ஆடியது.

"எம்மேல நம்பிக்கை போயிருச்சுங்களா?"

"அட, அப்படியில்ல வளரு." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "மொதலாளி முன்னாடி காலை நீட்டிப் படுத்தா எப்படித் தூக்கம் வரும்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுல்ல."

"மலையெறக்கத்துல நான் ஓட்டறப்பப் பொணமாட்டத் தூங்குவீங்க. இன்னைக்கு வந்துருச்சாக்கும் மரியாதை."

"அப்ப இத்தன நேரம் தூங்கலையா?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். மனம் விட்டுப் போன குரல்.

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அதனால்தான் அவ்வளவு துணிவாகக் கேட்க முடிந்தது.

"நீங்க செத்த நேரம் எறங்குங்க, மொதலாளி."

முதலாளிக்கு நாற்பது லாரிகள். ஒன்றிலிருந்தும் யாரும் அவரை இறக்கிவிட்டதில்லை.

என்னைப் பார்த்தார். நான் வைப்பரைப் பார்த்தேன்.

இறங்கினார்.

நானும் இறங்கினேன். லாரி போனது.

ஒரு பஞ்சர் கடை நிழலில் நின்றோம். கடைக்காரர் எங்கள் காலைப் பார்த்தார், டயர் எங்கே என்பதுபோல.

வெகுநேரம் கழித்து முதலாளி சாலையை எட்டிப் பார்த்தார். "வண்டியக் கொண்டுட்டுப் போயிட்டாங்களோ?"

"இருக்காதுங்க."

"டீசல் எவ்வளவு கெடக்குது?"

"ஃபுல்லுங்க."



லாரி எதிர்ப்பக்கத்தில் தெரிந்தது. தாண்டிப் போனது. முதலாளி என் தோளைப் பிடித்தார். தூரத்தில் திரும்பி, மெதுவாக வந்து, எங்கள் முன்னால் நின்றது.

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

படுக்கையிலிருந்து ஒரு கால் தொங்கியது. வாய் திறந்திருந்தது. சத்தமே இல்லை.

முதலாளி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பூனைபோல ஏறினார்.

ஷெட் வரும்வரை மூன்று பேரும் மூச்சைக்கூட அளந்துதான் விட்டோம்.

வாசலில் இறங்கியதும் அவள் கிசுகிசுத்தாள். "நாளைக்கே லோடு இருக்குதுங்களா?"

"இரும்மா." முதலாளியும் கிசுகிசுத்தார். "உங்களை எடுக்கறேன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"நாங்க சொல்லிட்டமுங்க. எறங்கச் சொன்னா எறங்கற மொதலாளி வேற எங்க கெடைப்பாரு?"

முதலாளி கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். கீழே போட்டு, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"கதவைச் சாத்தாதம்மா. முழிச்சுக்குவான்."

அந்த லாரி பழசாகும்வரை அவர்கள் ஓட்டினார்கள். பிறகு இன்னொன்று. முதலாளி காலமாகிவிட்டார். மகன் லாரிகளை விற்றுவிட்டு மாவு மில் வைத்திருக்கிறான். அர்த்தனாரியும் வளர்மதியும் இடைப்பாடியில் இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் விழித்திருக்கப் பழகிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அப்படி நம்பித் தூங்க எனக்கு ஆள் அமையவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.