பெட்டி கற்றுக்கொண்ட பாஷை

அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டி, வீட்டு ஆட்கள் பேசுவதைக் கேட்டே வைத்தியம் சொல்லும். வாங்கிய புதிதில் எல்லாரையும் நம்பியது, பாவம். விரலில் மீன்முள் குத்தி செல்வின் "ஐயோ, செத்தேன்!" என்று கத்தியபோது, தெருவே வேடிக்கை பார்க்க ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டது. இப்போதெல்லாம் அவர் எவ்வளவு அலறினாலும், "சிராய்ப்பு. பிளாஸ்திரி போதும்" என்று ஒன்றை நீட்டுவதோடு சரி.

அன்று காலை குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி குளோரி, எந்த வலியையும் வெளியே சொல்லாதவள், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாள். முகமெல்லாம் வியர்வை.

"என்ன செய்யுது?" என்றார் செல்வின்.

"ஒண்ணுமில்ல. வாயு. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்."

சோடா வாங்க அவர் செருப்பை மாட்டினார். பெட்டியின் விளக்கு சிவப்பாய் எரிந்தது.

"மாரடைப்பாக இருக்கலாம். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அவரை உட்கார வையுங்கள்."

"ஒண்ணுமில்லன்னுதானே சொன்னேன்!" என்று குளோரி சீறினாள்.

"அதனால்தான்" என்றது பெட்டி.

வந்தவர்கள் சோதித்துப் பார்த்து, "நல்லவேளை, சீக்கிரமா கூப்பிட்டீங்க. பயமில்லை" என்று அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் அவள் படுத்தாள்.

செல்வின் உள்ளே ஓடினார். அடுப்பின் திருகு கைக்கு அகப்படவில்லை. இரண்டு தடவை தவறவிட்டார்.

"உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டது பெட்டி.

மீன்முள்ளுக்கே செத்துப்போன மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஒண்ணுமில்ல" என்றார்.

பெட்டி இன்னொரு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது.